பங்கும் பங்குச் சந்தையும்: விழிஞ்ஞம் வழியாக ஓர் அறிமுகம்



பங்கு என்னும் சொல் விழிஞ்ஞம் கடற்கரைக்குப் புதியதன்று. இக்கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் சிறு படகுகளில் உழைப்போர் பெரும்பாலும் மாதச் சம்பளமோ நாட்கூலியோ பெறுவதில்லை. மீன் ஏலத்தில் கிடைத்த தொகையிலிருந்து எரிபொருள் முதலிய செலவுகள் முதலில் கழிக்கப்படும். எஞ்சிய தொகையில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதியும் உழைத்தவர்களுக்கு ஒரு பகுதியும் பிரித்தளிக்கப்படும். மீன் மிகுந்த நாளில் பங்கு பெருகும். படகு வெறுமனே திரும்பிய நாளில் பங்கு ஏதும் இல்லை. எரிபொருளுக்கான கடன் மட்டுமே நிற்கும்.

கம்பெனிப் பங்கின் இலக்கணமும் இதுவே. ஒரு தொழில் நிறுவனம் ஈட்டும் வருவாயிலிருந்து தொழிலாளர் ஊதியம், மூலப்பொருள் விலை, கடனுக்கான வட்டி, அரசுக்குரிய வரி ஆகிய அனைத்தும் கொடுக்கப்பட்ட பின் எஞ்சுவது எதுவோ, அதன்மேல் பங்குதாரருக்கு உள்ள உரிமையே பங்கு எனப்படும். சுருங்கக் கூறின், பங்கு என்பது மீதத்தின் மேல் ஓர் உரிமை. மீதம் பெரிதாக வளரக்கூடும். இல்லாமலே போகவும் கூடும். பங்கு முதலீட்டின் நன்மைகளும் அபாயங்களும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறப்பவை.

கூட்டு மூலதனத்தின் தோற்றம்

கூட்டு மூலதன முறைக்கும் கடலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நெடுந்தூரக் கடல் வணிகத்துக்குப் பெரும் பணம் தேவை. கப்பல் திரும்பி வரும் என்ற உறுதியோ இல்லை. தனியொருவர் தாங்க இயலாத இச்சுமையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு, 1602ஆம் ஆண்டில் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பொதுமக்களிடமிருந்து பங்கு மூலதனம் திரட்டியது. அப்பங்குகள் ஆம்ஸ்டர்டாம் நகரில் கைமாறியதே இன்றைய பங்குச் சந்தைகளுக்கு முன்னோடியாக அமைந்தது.

தமிழகத்தில் இதற்குரிய புகழ்மிக்க எடுத்துக்காட்டு, வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி. 1906ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட அந்நிறுவனத்தின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. ஆயினும் ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. நோக்கம் உயர்ந்ததாயினும், செலவு போக மீதம் நில்லாத நிறுவனத்தில் பங்குதாரரின் பணம் நிலைக்காது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

இங்கு மற்றொரு கருத்தும் அறியத்தக்கது. பங்குகளால் வரையறுக்கப்பட்ட கம்பெனி நொடித்துப் போனால், பங்குதாரர் தாம் செலுத்திய தொகையை இழப்பாரேயன்றி, அவருடைய வீடும் நிலமும் கம்பெனியின் கடனுக்காக ஏலம் போகா. இதுவே வரையறுக்கப்பட்ட பொறுப்பு எனப்படுவது. இப்பாதுகாப்பு இல்லையெனில், முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் ஒரே தொழிலில் பணம் இடுவது நடவாது.

துறைமுகத்தில் இறங்கிய பணம்

விழிஞ்ஞம் துறைமுகம், பணத்தின் பல வகைகளையும் ஒருங்கே காட்டும் பாடநூலாக அமைந்துள்ளது. பன்னாட்டுக் கப்பல் வழித்தடத்திலிருந்து ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவும், கரைக்கு அருகிலேயே 18 முதல் 20 மீட்டர் வரையிலான இயற்கை ஆழமும் இவ்விடத்தின் சிறப்புகள். கேரள அரசும் அதானி நிறுவனமும் 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 40 ஆண்டுக் காலத்துக்குத் துறைமுகத்தைக் கட்டி இயக்கும் உரிமை அந்நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது.

அரசும் தனியாரும் கூட்டாக மேற்கொண்ட பகுதிக்கு அன்று மதிப்பிடப்பட்ட செலவு 4,089 கோடி ரூபாய். இதில் நிறுவனம் திரட்ட வேண்டியது சுமார் 2,454 கோடி. எஞ்சிய 1,635 கோடியை மத்திய, மாநில அரசுகள் ஏறத்தாழச் சரிபாதியாக வழங்குவதென முடிவாயிற்று. சமுதாயத்துக்குப் பயன் தரும் திட்டம், தனியாருக்குப் போதிய மீதம் தராத நிலையில், அந்தக் குறையை ஈடுசெய்ய அரசு தரும் இத்தொகைக்கு ‘சாத்தியப்பாட்டு இடைவெளி நிதி’ என்று பெயர். இவை தவிர, அலைதடுப்புச் சுவர், நிலம் போன்றவற்றின் செலவு மாநில அரசைச் சார்ந்தது. 2025 மே 2ஆம் நாள் பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது, திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 8,900 கோடி ரூபாய் எனக் கூறப்பட்டது. இதில் பெரும்பகுதி கேரள அரசின் பொறுப்பு. ஆகவே, பங்குச் சந்தையில் ஒரு ரூபாயும் இடாத வரி செலுத்துவோரும் இத்துறைமுகத்தின் முதலீட்டாளரே.

மத்திய அரசு தர வேண்டிய 817.80 கோடி ரூபாய் குறித்து எழுந்த விவாதம் மாணவர்கள் கருதத்தக்கது. எதிர்காலத்தில் மாநிலத்துக்குக் கிடைக்கும் வருவாய்ப் பங்கிலிருந்து இத்தொகை, நிகர இன்றைய மதிப்பின் அடிப்படையில் திருப்பித் தரப்பட வேண்டுமென மத்திய அரசு நிபந்தனை விதித்தது. கேரளம் முதலில் மறுத்து, 2025 ஏப்ரலில் உடன்பாட்டில் ஒப்பமிட்டது. ‘இன்றைய மதிப்பு’ என்பது யாது? ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டுவட்டியில் 100 ரூபாய் 9 ஆண்டுகளில் ஏறத்தாழ 200 ஆகும். 20 ஆண்டுகளில் 466 ஆகும். திருப்பி நோக்கினால், 20 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 21 ரூபாயே. காலம் கடந்து வரும் பணம் குறைந்த பணம் என்பதே முதலீட்டுக் கணக்கின் முதல் விதி.

கடனும் பங்கும்

பணம் தேவைப்படும் நிறுவனத்துக்கு இரு வழிகள் உண்டு: கடன் வாங்கலாம், அல்லது பங்கு விற்கலாம். திருவனந்தபுரத்தில் தலைமையிடம் கொண்ட கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம், 2019ஆம் ஆண்டில் வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் ரூபாய் மதிப்பிலான கடன் பத்திரங்களை விற்று 2,150 கோடி ரூபாய் திரட்டியது. வட்டி 9.723 விழுக்காடு, தவணை 5 ஆண்டுகள். அப்பத்திரத்தை வாங்கியவர் பெறப்போகும் தொகையை முதல் நாளிலேயே அறிவார். வாரியத்தின் பணிகள் எதிர்பார்த்ததைவிட நன்கு நடந்தாலும் அவருக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வாராது. குறைவாக நடந்தாலும் வட்டி தரப்பட வேண்டும்.

பங்குதாரரின் நிலை இதற்கு மாறானது. அவருக்கு வாக்குறுதி ஏதும் இல்லை. இலாபம் வந்தால், அதில் ஒரு பகுதியை இலாப ஈவாக இயக்குநர் குழு பரிந்துரைக்கலாம். அல்லது தொழில் வளர்ச்சிக்கென நிறுத்தி வைக்கலாம். நிறுவனம் கலைக்கப்பட்டால், கடன் கொடுத்தோர் அனைவரும் பெற்ற பின்னரே அவர் முறை வரும். வரிசையில் கடைசியில் நிற்பவர் என்பதாலேயே, வளர்ச்சியின் முழுப் பயனும் அவரைச் சாரும்.

எதை வாங்குகிறோம் என்பதை அறிதல்

விழிஞ்ஞம் துறைமுகத்தின் பங்கைச் சந்தையில் வாங்க இயலுமா? இயலாது. துறைமுகத்தை இயக்குவது ஒரு துணை நிறுவனம். அதன் பங்குகள் முழுவதும் தாய் நிறுவனமாகிய அதானி போர்ட்ஸ் வசம் உள்ளன. சந்தையில் கைமாறுவது தாய் நிறுவனத்தின் பங்கு. அதை வாங்குபவர் முந்த்ரா, காட்டுப்பள்ளி உள்ளிட்ட பல துறைமுகங்களில் ஒரு சிறு பகுதிக்கு உரியவராகிறார். 2025இல் இயங்கத் தொடங்கிய கொழும்பு மேற்கு முனையத்திலும் அந்நிறுவனமே பெரும்பான்மைப் பங்கு கொண்டுள்ளது. பெருங்கப்பலிலிருந்து சிறு கப்பலுக்குச் சரக்கு மாற்றும் தொழிலில் கொழும்பும் விழிஞ்ஞமும் போட்டியாளர்கள். பங்குதாரர் பார்வையிலோ இரண்டும் ஒரே கணக்கில் சேர்கின்றன. ‘துறைமுகம் வந்துவிட்டது, ஆகவே பங்கை வாங்கலாம்’ என்னும் எளிய முடிவு ஏன் போதாது என்பது இதிலிருந்து விளங்கும்.

இத்தாய் நிறுவனம் முந்த்ரா துறைமுகம் என்ற பெயரில் இருந்தபோது, 2007 நவம்பரில் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. 10 ரூபாய் முக மதிப்புள்ள பங்கு 440 ரூபாய்க்கு விற்கப்பட்டது. திரண்ட தொகை ஏறத்தாழ 1,771 கோடி. இது முதல்நிலைச் சந்தை. மக்களின் பணம் நிறுவனத்தைச் சென்றடைந்தது. அதன் பின்னர் அப்பங்கு நாள்தோறும் கைமாறுவது இரண்டாம்நிலைச் சந்தை. அங்கு விற்பவருக்குப் பணம் சேர்கிறதேயன்றி நிறுவனத்துக்குச் சேர்வதில்லை. ஆயினும் வேண்டும்போது விற்கலாம் என்ற நம்பிக்கை இல்லாவிடில் முதல்நிலைச் சந்தையில் எவரும் வாங்க முன்வரார். 2010இல் 10 ரூபாய்ப் பங்கு 2 ரூபாய்ப் பங்குகள் ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. இதனால் பங்குகளின் எண்ணிக்கை பெருகியதே தவிர, எவருடைய செல்வமும் பெருகவில்லை.

ஒரு பங்கின் விலை மலிவா, உயர்வா என்பதை ரூபாய் எண்ணிக்கை காட்டாது. ஒரு பங்குக்கு ஆண்டு இலாபம் 15 ரூபாய், சந்தை விலை 300 ரூபாய் எனக் கொள்வோம். விலைக்கும் ஈட்டத்துக்கும் உள்ள விகிதம் 20. மற்றொரு பங்கின் விலை 50 ரூபாய், ஈட்டம் ஒரு ரூபாய் எனில் விகிதம் 50. இரண்டாவது பங்கே, ஈட்டத்தோடு ஒப்பிடுகையில், விலை மிகுந்தது. எதிர்கால வளர்ச்சி பற்றிய நம்பிக்கை அவ்விலையில் முன்கூட்டியே அடங்கியுள்ளது.

விலை என்பது எதிர்பார்ப்பு

எதிர்பார்ப்பு பொய்ப்பது இயல்பு. விழிஞ்ஞம் பணி 2015 டிசம்பரில் தொடங்கியபோது, 2019 டிசம்பருக்குள் முடிய வேண்டுமென்பது ஒப்பந்தம். 2017இல் ஒக்கிப் புயல் தாக்கியது. அலைதடுப்புச் சுவருக்குப் பாறை கிடைப்பது அரிதாயிற்று. பெருந்தொற்று வந்தது. 2022இல் மீனவ மக்களின் போராட்டம் நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்தது. முதல் தாய்க்கப்பலான சான் ஃபெர்னாண்டோ 2024 ஜூலையில் வந்தது. வணிக இயக்கம் 2024 டிசம்பரில்தான் தொடங்கியது. நான்காண்டுத் திட்டம் ஒன்பதாண்டு ஆயிற்று. கல்லும் கடலும் கணக்கேட்டுக்குக் கட்டுப்படுவதில்லை.

பணியின் வேகம் இவ்வாறிருக்க, சந்தை விலையின் வேகம் வேறு. 2023 ஜனவரி 24ஆம் நாள் ஹிண்டன்பர்க் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் அதானி குழுமத்தின் மீது குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. குழுமம் அவற்றை மறுத்தது. துறைமுக நிறுவனத்தின் பங்கு விலை இரு வாரங்களுக்குள் ஒரு கட்டத்தில் ஏறத்தாழப் பாதியளவுக்கு வீழ்ந்தது. ஓராண்டுக்குள் பழைய நிலையைக் கடந்தது. அவ்விரு வாரங்களில் விழிஞ்ஞத்தின் கடல் ஆழம் குறையவுமில்லை. மீண்ட மாதங்களில் கூடவுமில்லை. மாறியது மதிப்பீடு. கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்தவரும், மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த பணத்தை இட்டவரும் வீழ்ச்சியிலேயே விற்க நேர்ந்திருக்கும்; காத்திருக்க இயன்றவர் தப்பியிருப்பார். எல்லா வீழ்ச்சியும் இவ்வாறு மீளும் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. ஒரே பங்கில் முழுச் சேமிப்பையும் இடலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டுவதில்லை.

தனிப் பங்கு மட்டுமன்றி, முழுச் சந்தையும் வீழ்வதுண்டு. மும்பைப் பங்குச் சந்தையின் 30 முன்னணி நிறுவனங்களைக் கொண்டு கணிக்கப்படும் சென்செக்ஸ் குறியீட்டெண், 1978-79ஆம் ஆண்டை 100 எனக் கொண்டது. அது 2008 ஜனவரியில் 21,000ஐத் தாண்டி, 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே இறங்கியது. பின்னர் மீண்டு பன்மடங்கு உயர்ந்தது. பல நிறுவனங்களில் பரப்பி இடுவது தனி நிறுவனத்தின் அபாயத்தைக் குறைக்கும். சந்தை முழுவதன் அபாயத்தைக் குறைப்பது காலம் ஒன்றே.

காவலும் அதன் எல்லையும்

இந்தியப் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியமாகிய செபி 1988இல் அமைக்கப்பட்டு, 1992இல் சட்ட அதிகாரம் பெற்றது. 1996ஆம் ஆண்டின் களஞ்சியச் சட்டத்துக்குப் பின் காகிதப் பத்திரங்கள் மறைந்து, டீமேட் கணக்கில் மின்னணு வடிவில் பங்குகள் இருக்கின்றன. வணிகம் நடந்த மறுவேலை நாளில் பணமும் பங்கும் கைமாறும் முறை 2023 ஜனவரியில் முழுமை பெற்றது. 1978இல் தோன்றிய கொச்சிப் பங்குச் சந்தை 2014இலும், பழைமையான சென்னைப் பங்குச் சந்தை 2015இலும் விடைபெற்றன. இன்று விழிஞ்ஞத்தில் இருப்பவரும் மும்பையில் இருப்பவரும் ஒரே நொடியில் ஒரே விலையைக் காண்கின்றனர்.

டீமேட் கணக்குகள் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடி. 2022 ஆகஸ்டில் 10 கோடி. அதன் பின்னரும் பெருகின. ஆனால் வாயில் அகலமானதால் வழி எளிதாகிவிடவில்லை. பங்கின் எதிர்கால விலை குறித்துச் செய்யப்படும் முன்பேர வணிகத்தை ஆராய்ந்த செபி, 2024 செப்டம்பரில் தன் முடிவுகளை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் இவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் பணம் இழந்தனர். ஒட்டுமொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இத்தொகை விழிஞ்ஞத்தைப் போன்ற துறைமுகம் ஒன்றைக் கட்டும் செலவின் இருபது மடங்காகும். ஆனால் அதனால் ஒரு துறைமுகமும் எழவில்லை. பணம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கும், தரகுக்கும் கட்டணத்துக்கும் சென்றதோடு சரி. முதலீடு ஒரு தொழிலின் மீதத்தில் பங்கு கேட்கிறது. சூதாட்டமோ எதிரில் இருப்பவரின் பையில் பங்கு கேட்கிறது.

அரசு அலுவலர்கள் இவ்வேறுபாட்டை விதியாகவே அறிந்திருத்தல் வேண்டும். 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 16ஆம் விதி, பங்குகளில் ஊக வணிகம் செய்வதைத் தடை செய்கிறது. அடிக்கடி வாங்கி விற்பதையே ஊக வணிகமாகக் கருதுகிறது. முறையான தரகர் வழியாக எப்போதாவது செய்யும் முதலீட்டுக்குத் தடையில்லை. ஓர் ஆண்டில் இத்தகைய பரிவர்த்தனைகள் ஆறு மாத அடிப்படை ஊதியத்தை மிஞ்சினால் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.

புதியவருக்கு ஒரு வரிசை

கேரளக் குடும்பங்களுக்குச் சேமிப்பு புதியதன்று. தங்கம், அஞ்சலகச் சேமிப்பு, 1969 முதல் இயங்கும் கேரள மாநில நிதி நிறுவனத்தின் சீட்டுகள் ஆகியன பழகிய வழிகள். இவற்றை விட்டுப் பங்குக்கு ஓட வேண்டியதில்லை. இவற்றின் மேல் பங்கைக் கட்ட வேண்டும்.

முதலாவதாக, அதிக வட்டிக் கடனைத் தீர்த்தல் வேண்டும். 24 விழுக்காடு வட்டிக் கடனை அடைப்பதே 24 விழுக்காடு உறுதியான ஆதாயம். இரண்டாவதாக, ஆறு மாதக் குடும்பச் செலவுக்குரிய தொகை வங்கியில் இருத்தல் வேண்டும். வங்கி வைப்புகளுக்கு 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வருவாய் நிலையற்ற கடல் தொழிலாளர் குடும்பத்துக்கு இந்த இருப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். மூன்றாவதாக, ஆயுள், மருத்துவக் காப்பீடு. இம்மூன்றுக்கும் பின்னர் ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை தேவைப்படாத பணமே பங்குக்கு உரியது. அதிலும் தொடக்கத்தில் பரஸ்பர நிதி வழியாக, குறிப்பாகக் குறியீட்டெண்ணைப் பின்பற்றும் நிதியில், மாதந்தோறும் சிறு தொகை இடுவது பொருத்தமானது. நிதியின் நிர்வாகக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டு வேறுபாடு இருபது ஆண்டுகளில் பெரிய தொகையாகும்.

உறுதியான இலாபம் எனக் கைப்பேசியில் வரும் அழைப்பு எதுவாயினும் ஐயத்துக்குரியது. மீதத்தை முன்கூட்டி உறுதி கூற எவராலும் இயலாது. ஆலோசகரும் தரகரும் செபியில் பதிவு பெற்றவர்தாமா என்பதை அதன் இணையதளத்தில் சரிபார்க்கலாம். குறைகளை ‘ஸ்கோர்ஸ்’ என்னும் அதன் முறையீட்டுத் தளத்தில் பதியலாம். இவ்வுரையில் பெயர் கூறப்பட்ட எப்பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைப்பது இதன் நோக்கமன்று.

கணக்கில் வராத பங்கு

இறுதியாக ஒன்று. 2025 மே மாதத்தில் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா-3 என்னும் சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. 600க்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டகங்கள் அதில் இருந்தன, சில கரையொதுங்கின. சில நாள்கள் மீன்பிடிப்பு பாதிக்கப்பட்டது. அக்கப்பலில் மீனவருக்குப் பங்கு இல்லை. ஆனால் இழப்பில் பங்கு இருந்தது. பங்குதாரரின் இழப்புக்குச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. கரையில் வாழ்வோரின் இழப்புக்கு அத்தகைய எல்லை இல்லை.

இது அறவுரை மட்டுமன்று, கணக்கும் ஆகும். தீர்க்கப்படாத இழப்பீடும் கேட்கப்படாத குறையும் பணியை நிறுத்துகின்றன. நின்ற பணி செலவைக் கூட்டுகிறது. கூடிய செலவு மீதத்தை உண்கிறது. ஆகவே, ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கும் மாணவர் இலாபக் கணக்கோடு நில்லாமல், நிலுவையிலுள்ள வழக்குகள், நிச்சயமற்ற பொறுப்புகள் என்ற பக்கங்களையும் படித்தல் வேண்டும். பங்கு வாங்குபவர் மீதத்துக்கு உரியவர். மீதம் எவருக்கெல்லாம் கொடுத்த பின் எஞ்சுவது என்பதை அறிந்து, அதுவரை காத்திருக்கக்கூடிய பணத்தை மட்டும் இடுபவரே முதலீட்டாளர் என்னும் பெயருக்கு உரியவர்.